புதுமைப்பித்தன் காட்டிய பேய்கள்



பேய்க் கதை என்றதும் கற்றோர் முகத்தில் ஓர் இளநகை தோன்றுவது வழக்கம். அது பாட்டிமாருக்கும் குழந்தைகளுக்கும் உரியது, இலக்கியச் சபையில் அதற்கு ஆசனம் இல்லை என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இவ்வெண்ணம் தமிழ் மரபுக்கு உரியதன்று. கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார் போர்க்களத்துச் செய்தியைப் பேயின் வாயிலாகவே சொல்லவைத்தார். காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றவர். தம் பாடல்களிலே தம்மைக் காரைக்காற் பேய் என்று குறித்தவர். மணிமேகலையிலே, சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் சார்ங்கலன் என்னும் சிறுவன் பேயைக் கண்ட அச்சத்தால் உயிர் விடுகிறான். மகனை இழந்த தாயின் அழுகுரல் அக்காதையை விட்டு நம்மை எழவிடுவதில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணியபோது அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அச்சம் எவற்றால் பிறக்கும் என்றும் வகுத்துச் சொன்னார். தெய்வமும் பேயும் போன்ற அணங்கு ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, நான்காவது, தம்மை ஆளுகின்ற தலைவன். பேயையும் தலைவனையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்தத் துணிவை எண்ணிப் பாருங்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட எழுத்தாளரைப் புரிந்துகொள்ள இந்த நான்காவது அச்சம் நமக்குப் பெரிதும் வேண்டியிருக்கும்.

கீழைத்தேயத்தில் அச்சச் சுவையை உயர்ந்த இலக்கியமாகப் போற்றி வளர்த்தவர்கள் ஜப்பானியர். உஎடா அகினாரி என்பவர் 1776 ஆம் ஆண்டிலே "உகெட்சு மொனொகத்தாரி" என்ற கதைத் தொகுதியை வெளியிட்டார். அதிலே ஒரு கதை. பட்டு விற்கத் தலைநகருக்குப் போன கணவன், போரினாலும் நோயினாலும் தடைப்பட்டு, ஏழாண்டு கழித்து ஊருக்குத் திரும்புகிறான். வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், இரவு முழுவதும் பேசி அழுது இருவரும் உறங்குகின்றனர். விடிந்து பார்த்தால் கூரையற்ற பாழ்வீடு. அவள் என்றோ இறந்துவிட்டாள். நூறாண்டுக்கு மேல் கழித்து லஃப்காடியோ ஹேர்ன் என்பவர் ஜப்பானுக்கு வந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, அந்நாட்டுப் பெண்ணை மணந்து, கொயிசுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார். மனைவி சொல்லக் கேட்ட பேய்க் கதைகள் பலவற்றை எழுதி 1904 இல் "குவைதான்" என்ற நூலாகத் தந்தார். அவருக்குப் பின் வந்த ஹிராய் தாரோ, எட்கர் அலன் போ என்ற அமெரிக்கரின் பெயரையே ஜப்பானிய ஒலிக்கு மாற்றி எடோகாவா ரம்போ என்று வைத்துக்கொண்டு, திகிற் கதையையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். அந்நாட்டிலே இத்தகையோரை யாரும் பாட்டிக் கதைக்காரர் என்று ஒதுக்கவில்லை.

நம் மொழியில், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, அப்படி ஒருவர் இருந்தாரா? இருந்தார். அவரும் புனைபெயராலேயே அறியப்பட்டவர். பெற்றோர் வைத்த பெயர் விருத்தாசலம். தாமே வைத்துக்கொண்ட பெயர் புதுமைப்பித்தன்.

அவர் 1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர். தாய் இளமையிலேயே இறந்தார். தந்தை மறுமணம் செய்தார். உத்தியோகத்தின் பொருட்டு ஊர் ஊராக மாறிய குடும்பம் பின்னர்ச் சொந்த நாடாகிய திருநெல்வேலிக்குத் திரும்பிற்று. அங்கே இந்துக் கல்லூரியிலே படித்து 1931 இல் அவர் கலைப் பட்டதாரியானார். அதே ஆண்டிலே திருவனந்தபுரத்துக் கமலாம்பாளை மணந்தார். பட்டம் பெற்ற மகன் அரசாங்க வேலைக்குப் போவான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனோ எழுதிப் பிழைக்கப் போகிறேன் என்றார். அக்காலத் தமிழ்நாட்டிலே எழுத்து என்பது சோறு போடும் தொழிலன்று என்பதை அவர் அறியாதவரல்லர்.

1933 இல் எழுதத் தொடங்கினார். மறு ஆண்டு "மணிக்கொடி" இதழிலே அவருடைய கதைகள் வரலாயின. பின்னர் "ஊழியன்", அதன்பின் "தினமணி". பகலெல்லாம் பத்திரிகை அலுவலகத்திலே வெளிநாட்டுத் தந்திச் செய்திகளை மொழிபெயர்ப்பதும், கிடைத்த வேளையிலே கதை எழுதுவதுமாக அவருடைய நாட்கள் கழிந்தன. 1943 இல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் "தினமணி"யை விட்டு விலகியபோது அவருடன் விலகியவர்களிலே இவரும் ஒருவர். சிறிது காலம் "தினசரி", பிறகு திரைப்படம். "அவ்வையார்", "காமவல்லி", "ராஜமுக்தி" ஆகிய படங்களுக்கு எழுதினார். தாமே ஒரு படக் கம்பெனி தொடங்கவும் முயன்றார், அது நிறைவேறவில்லை. "ராஜமுக்தி"யின் பொருட்டுப் பூனாவிலே தங்கியிருந்தபோது காசநோய் முற்றியது. 1948 இல், நாற்பத்திரண்டாம் வயதில், திருவனந்தபுரத்திலே இறந்தார். மணமாகிப் பதினைந்து ஆண்டு கழித்துப் பிறந்த ஒரே மகளுக்கு அப்போது இரண்டு வயது.

எழுதிய காலம் மொத்தம் பதினைந்து ஆண்டுகள். கதைகள் ஏறத்தாழ நூறு. மூன்றாண்டு கழித்து, 1951 இல், நண்பர் ரகுநாதன் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்நூலைப் படிக்காதவர்கள் படிக்க வேண்டும். ஓர் எழுத்தாளனுடைய வறுமையை இவ்வளவு நேராகச் சொன்ன தமிழ் நூல்கள் மிகச் சில.

இனி அவருடைய பேய்களிடம் வருவோம். 1943 இல் "கலைமகள்" இதழிலே "காஞ்சனை" வெளியாயிற்று. கதையைச் சொல்பவர் ஓர் எழுத்தாளர். நள்ளிரவிலே காரணமின்றி உறக்கம் கலைகிறது. அருகிலே மனைவி உறங்குகிறாள். அறையிலே ஒரு நாற்றம், பிணவாடை. சிறிது நேரத்தில் அதுவே நறுமணமாக மாறுகிறது. மறுநாள் வாசலிலே ஒரு பிச்சைக்காரி வந்து நிற்கிறாள். மனைவி இரங்கி அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். பெயர் காஞ்சனை என்கிறாள் அவள். அன்று தொடங்கிக் கணவனுக்கு நிம்மதி இல்லை. வேலைக்காரியின் பாதம் நிலத்திலே படுகிறதா என்று அவன் கண் பார்க்கிறது. மனைவியோ அவள் சொன்ன பழைய கதை ஒன்றை ஆவலோடு அவனுக்கே திரும்பச் சொல்கிறாள். பின்னொரு நள்ளிரவில் மனைவியின் கழுத்திலே ஒரு துளி இரத்தம்.

நேயர்களே, இந்தக் கதையிலே ஓலம் இல்லை; கோரைப்பல் இல்லை; புளியமரம் இல்லை. நடுத்தர வகுப்புக் குடும்பம் ஒன்றின் கூடமும் அடுக்களையும் தான் களம். பேய் என்று தீர்மானமாகச் சொல்ல ஒரு சான்றும் ஆசிரியர் தரவில்லை; பேயன்று என்று தள்ளவும் விடவில்லை. படித்தவன், பகுத்தறிவு உடையவன், கதை எழுதிப் பிழைப்பவன் ஆகிய கணவன் நடுங்குகிறான். படிக்காதவளான மனைவி அந்தப் பெண்ணுக்குச் சோறும் இடமும் கொடுக்கிறாள். யாருடைய கண் சரி? இக்கதையை எத்தனையோ முறை படித்த பின்பும் எனக்கு இக்கேள்வி தீரவில்லை. தீராமல் இருப்பதே நன்று என்றும் தோன்றுகிறது. இதே பெயரிட்ட தொகுதிக்கு அவர் எழுதிய முன்னுரைக்கு "எச்சரிக்கை" என்று தலைப்பு. கலையை உய்விக்க இக்கதைகளை எழுதவில்லை என்று அங்கே வாசகரை எள்ளி நகையாடுகிறார். அந்த நகைப்பை நம்பிவிடக் கூடாது.

வேறு பல கதைகளும் உள. "செவ்வாய் தோஷம்" இரத்தக்காட்டேரி பற்றிய கிராமத்து அச்சத்தைக் கொண்டு எழுந்தது. "பிரம்ம ராக்ஷஸ்" அறிவு வேட்கையே சாபமாகி, உடலிழந்து அலையும் ஓர் உயிரின் கதை. "கபாடபுரம்" கடல்கொண்ட நகருக்குள் நம்மை இறக்குகிறது. "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" என்பதிலே இறைவன் சென்னை நகரத்துத் தெருவுக்கு வந்து, காப்பி குடித்து, ஒரு வைத்திய இதழுக்குச் சந்தாதாரராகவும் ஆகிறார். "சாப விமோசனம்" அகலிகையை மீண்டும் கல்லாக்குகிறது. இவை போதாவென்று மேரி ஷெல்லி 1818 இல் வெளியிட்ட "ஃபிராங்கன்ஸ்டைன்" என்ற ஆங்கில நாவலைப் "பிரேத மனிதன்" என்ற பெயரிலே தமிழாக்கினார். பிணங்களின் உறுப்புகளைக் கூட்டி மனிதனை ஆக்கியவன், தான் ஆக்கியதையே கண்டு ஓடும் கதை அது. பிறமொழிக் கதைகளைத் தழுவித் தம் பெயரில் எழுதினார் என்ற குற்றச்சாட்டும் இவர்மீது உண்டு. மாப்பசானின் சாயல் சில கதைகளிலே தெளிவாகவே தெரியும். ஆனால் "காஞ்சனை"யை எழுத எந்தப் பிரெஞ்சுக்காரராலும் ஆகாது.

திறனாய்வாளரிற் சிலர் புதுமைப்பித்தனை இரு கூறாக்கிப் பார்ப்பதுண்டு. ஏழைகளையும் அநீதியையும் எழுதியவர் ஒருவர். பேயையும் கனவையும் எழுதியவர் மற்றொருவர். முன்னவர் பெரியவர், பின்னவர் பொழுதுபோக்குக்காரர் என்பது அவர்கள் தீர்ப்பு. மலைநாட்டிலே பிறந்து, முப்பதாண்டுக்கு மேலாக இங்கேயே கற்பித்து வருகின்ற என்னால் இத்தீர்ப்பை ஏற்க இயலவில்லை. அதற்குக் காரணம் நம் மலைகளைப் பற்றி அவர் எழுதிய ஒரு கதை.

அது "துன்பக்கேணி". 1935 ஆம் ஆண்டு "மணிக்கொடி"யிலே வந்த நெடுங்கதை. திருநெல்வேலிச் சீமையிலே வாசவன்பட்டி என்னும் ஊர். அங்கே ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த மருதி, கணவனைப் பிரிய நேர்ந்து, தாயோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்பிடிப்போர் கையிலே அகப்படுகிறாள். வாட்டர்பாலம் என்று கதையிலே அத்தோட்டத்துக்குப் பெயர். இங்கே அவளுக்கு நேர்ந்தவற்றை வானொலியிலே விரித்துரைப்பது எளிதன்று. தோட்டத்து அதிகாரம் அவளுடைய உடலைத் தன் உடைமையாகக் கொள்கிறது. நோய் பற்றுகிறது. அழகியான இளம்பெண், காண்போர் அஞ்சி ஒதுங்கும் உருவமாகித் தேயிலை மலைகளிலே திரிகிறாள். கதையிலே தோட்டத்துப் பள்ளி ஆசிரியன் ஒருவனும் வருகிறான். என் தொழில் காரணமாக அவன்மீது எனக்குத் தனிக் கவனம் உண்டு.

இக்கதையிலே பேயென்று ஒன்றும் இல்லை. ஆயினும் பாருங்கள்: தலைவிரி கோலமாய், உருக்குலைந்து, மலையிலே அலையும் ஒரு பெண். புதிதாய் வந்தவன் ஒருவன் அவளை மாலை மங்கிய நேரத்தில், மூடுபனிக்கு நடுவே கண்டால் என்னவென்று நினைப்பான்? பேய் என்றே நினைப்பான். அப்பேய் எப்படி உண்டாயிற்று என்பதை முதலிலிருந்து கடைசி வரை, படிப்படியாக, ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார். "காஞ்சனை"யிலே வாசலுக்கு வந்த பிச்சைக்காரிக்கு முன்கதை இல்லை. ஆகவே கணவன் அஞ்சுகிறான். மருதிக்கு முன்கதை இருக்கிறது; ஆகவே நாம் அவளுக்கு அஞ்சாமல், அவளை அப்படி ஆக்கியவர்களுக்கு அஞ்சுகிறோம். தொல்காப்பியர் சொன்ன முதலாவது அச்சமும் நான்காவது அச்சமும் இங்கே எதிர்எதிரே நிற்கின்றன. இரண்டையும் எழுதியது ஒரே கை. முன்னதை எழுதத் தெரியாதவரால் பின்னதை இப்படி எழுதியிருக்க முடியாது என்பது என் துணிபு.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். புதுமைப்பித்தன் நம் நாட்டிலே வாழ்ந்தவரல்லர். திருநெல்வேலிக் கிராமத்தை அவர் எழுதும்போது மண்ணும் வெயிலும் மணக்கின்றன. தோட்டத்தை எழுதும்போது அந்த மணம் இல்லை. பிரட்டுக் களத்திலே விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதும், கொழுந்து நிறுக்கும்போது நடக்கும் வாய்ச்சண்டையும், லயத்துக் காம்பராவிலே ஒரே அடுப்புப் புகையில் மூன்று தலைமுறை முடங்கிக் கிடப்பதும் தூரத்திலிருந்து எழுதுபவருக்குக் கிட்டாதவை. அதைவிடப் பெரிய குறை மற்றொன்று. அவர் கதையிலே தோட்டத்து மக்கள் துன்பப்படுகிறார்களேயன்றி எதிர்த்து நிற்பதில்லை. கதை வந்ததற்கு நான்காண்டுக்கு முன்பே, 1931 இல், கோ. நடேசய்யர் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிவிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நிலைமையைப் பாட்டாகக் கட்டி மேடைகளிலே பாடினார். மாசி மாதமானால் காமன் கூத்தும், இரவெல்லாம் தப்பு ஒலியும், நையாண்டியும் அந்த லயங்களிலே இருந்தன. கேணியிலே விழுந்தவர் கைகோத்து ஏறவும் முயன்றனர். இந்தப் பகுதியை எழுத மலைநாட்டிலிருந்தே எழுத்தாளர் வரவேண்டியிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை வந்தார், 1960 களிலே என். எஸ். எம். இராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" வந்தது. தெளிவத்தை ஜோசப் வந்தார். இராமையாவின் கதையிலே கொழுந்துக் கூடையைத் தூக்கி வரும் பெண்ணுக்குத் தன் திறமையிலே ஒரு செருக்கு உண்டு. மருதிக்கு அந்தச் செருக்கைப் புதுமைப்பித்தன் கொடுக்கவில்லை.

ஆயினும் 1935 ஆம் ஆண்டிலே, கடலுக்கு அப்பாலிருந்து, இம்மலைகளிலே நடப்பது ஒரு திகிற் கதை என்று கண்டு சொன்ன தமிழ்ச் சிறுகதையாசிரியர் அவரே. பணங்காய்ச்சி மரங்கள் நிற்கும் நாடு என்று ஆள்பிடிப்போர் சொல்லி வந்த காலம் அது.

இப்போது நம் பக்கத்துப் பேய்களைப் பற்றிச் சிறிது பேச அனுமதி வேண்டுகிறேன். மலைநாட்டுத் தோட்டங்களிலே வழங்கும் அச்சக் கதைகள் பலவாகும். முனி, காட்டேரி, மோகினி ஆகியவை இந்தியாவிலிருந்து மூட்டையோடு வந்தவை. இங்கேயே பிறந்தவையும் உண்டு. அவற்றிலே மிகவும் வியப்பானது ரோதை முனி. ரோதை என்பது சக்கரம்; போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். தேயிலை ஆலையிலே, நம் பேச்சு வழக்கிலே சொன்னால் ஸ்டோரிலே, சுழலும் இயந்திரச் சக்கரத்திலே குடியிருக்கும் தெய்வம் அது. அதற்குப் பூசை உண்டு, படையல் உண்டு. கவ்வாத்துக் கத்தியை எடுக்கும் முன்னர் வணங்கப்படும் கவ்வாத்துச் சாமியும் அவ்வாறே.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லிலே ஒதுக்கிவிடலாம். பள்ளி ஆசிரியர் பலர் அப்படித்தான் செய்கின்றனர். நான் சற்று நின்று யோசிக்கிறேன். சக்கரத்துக்கு ஏன் முனி வந்தது? வேகமாய்ச் சுழலும் இயந்திரத்தின் அருகே காப்பின்றி நின்று உழைத்தவனுக்கு, அது கையைப் பிடித்திழுக்கும் என்ற அச்சம் மெய்யான அச்சம். அதை முறையிட அவனுக்கு இடமில்லை. துரையிடம் சொன்னால் வேலை போகும். ஆகவே அவன் சக்கரத்திடமே சொன்னான். அணங்குக்கும் ஆளும் தலைவனுக்கும் இடையே இருந்த கோடு இங்கே அழிந்துபோகிறது.

இன்னொன்று. பழைய பாதைகளைப் பற்றிய அச்சக் கதைகள். கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நூறு மைலுக்கு மேல் நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர் மிகப் பலர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர் பொறித்த ஏடு இல்லை. அந்தப் பாதையிலே இரவில் அழுகுரல் கேட்கும் என்றும், தண்ணீர் கேட்டு யாரோ பின்தொடர்வர் என்றும் பாட்டிமார் சொல்வதுண்டு. தாகத்தோடு இறந்தவர்களைப் பற்றி அம்மக்களிடம் எஞ்சியிருந்த ஆவணம் அது ஒன்றுதான். அகினாரி எழுதிய பாழ்வீட்டு மனைவியும் இத்தகையவளே. போரிலே இறந்த பெண்களின் பெயரை எந்த அரசனும் எழுதி வைக்கவில்லை, கதை எழுதி வைத்தது.

எங்கள் பள்ளியிலே ஒரு முறை தமிழ்ப் பாடத்துக்கென்று, வீட்டிலே கேட்ட பேய்க் கதை ஒன்றை எழுதி வருமாறு பத்தாம் ஆண்டு மாணவரைப் பணித்தேன். கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்திலே களைத்துப்போகிற பிள்ளைகள் நான்கு, ஐந்து பக்கம் எழுதி வந்தனர். அவற்றைத் திருத்த உட்கார்ந்த நான் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுப் படித்தேன். பாதிக்கு மேற்பட்ட கதைகளிலே பேயாக வந்தவர் பிரசவத்திலே இறந்த பெண்; அல்லது வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலே இறந்த பெண். மலைப்பாதையின் நீளமும், வண்டி கிடைக்காத இரவும், தாயை இழந்த குடும்பமும் அந்தப் பிள்ளைகளுடைய எழுத்திலே தாமாகவே வந்து நின்றன. வரலாற்றுப் பாடத்திலே நான் கேட்டிருந்தால் இவற்றை ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்.

புதுமைப்பித்தன் இறந்த 1948 ஆம் ஆண்டு நமக்கு வேறொரு காரணத்தாலும் மறக்க முடியாதது. அவ்வாண்டிலே நிறைவேறிய 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினாலே மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். உழைத்தார்கள், உண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். ஆனால் ஏட்டின்படி அவர்கள் இல்லை. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கிட்டது. ஒரே லயத்திலே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் எழுதப்பட்டனர். எஞ்சியோருக்கு முழுமையான தீர்வு வர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரிந்தும் கணக்கிலே இல்லாதிருப்பது பேயின் இலக்கணம். இதை எழுத அவர் உயிரோடிருந்தால் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அவருடைய நூல்களைத் தேடுவோருக்கு இன்று தட்டுப்பாடு இல்லை. 2000 ஆம் ஆண்டிலே ஆ. இரா. வேங்கடாசலபதி அவருடைய கதைகள் அனைத்தையும் முதற் பதிப்புகளோடு ஒப்பிட்டுச் செம்மையாகப் பதிப்பித்தார். 2002 இல் தமிழ்நாட்டு அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்களும் நூலாக வந்துள்ளன. அக்கடிதங்களிலே பணம் அனுப்ப இயலாத வருத்தமும், அனுப்பப் போவதாகச் சொல்லும் வாக்குறுதியும் திரும்பத் திரும்ப வருகின்றன. கமலா விருத்தாசலம் தாமும் சிறுகதை எழுதியவர் என்பதைப் பலர் அறியார்.

முதன்முதலாகப் படிக்கப் புகுவோர் "காஞ்சனை"யிலே தொடங்கலாம். இரவிலே தனித்திருந்து படிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அடுத்துத் "துன்பக்கேணி". அது தரும் பாரம் நீங்கக் "காலனும் கிழவியும்" என்ற சிறு கதையைப் படியுங்கள். உயிர் கவர வந்த எமன், ஏழைக் கிழவி ஒருத்தியிடம் வாய்கொடுத்து, வெறுங்கையோடு எருமைமேல் ஏறித் திரும்பிப் போகிறான். அக்கதையை வகுப்பிலே வாசித்தபோது, எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு பாட்டி இருக்கிறார் என்று பிள்ளைகள் மூவர் ஒரே சமயத்திலே கை உயர்த்தினர்.